நாலாவது ஞாயிற்றுப் பூ

அநியாயம் நடந்தது எனக்கு இல்லை ஆன்ட்டி, என் அக்கா எமீமாவுக்கு. அவள் கையால் வளர்த்த பூவை, அந்த மலையில் வேறு யார் தோட்டத்திலும் இல்லாத பூவை, எங்கள் சர்ச்சில் ஒரு நாள்கூட வைக்க விடவில்லை. வருஷா வருஷம் பூத்தது, வருஷா வருஷம் செடியிலேயே வாடியது. ஏன் என்று நான் கேட்டேன். கேட்டது தப்பா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்லாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற பழக்கத்தால்தான் நம் ஊர் இப்படி இருக்கிறது.

முதலில், இது பூண்டு இல்லை. நீங்கள் ஏறினதிலிருந்து இந்த டப்பாவைத்தான் பார்க்கிறீர்கள். கோத்தகிரியிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் மடியில் மண்ணும் பச்சைத் தாளுமாக ஒரு டப்பா இருந்தால் எல்லாரும் பூண்டு என்றுதான் நினைப்பார்கள். கண்டக்டர்கூட "கிலோ என்ன விலை பாப்பா?" என்றார். இது ஃப்ரீசியா. பூச்செடியின் கிழங்கு. எடுத்துப் பாருங்கள், சின்ன வெங்காயம் மாதிரிதான் இருக்கும், மேலே வலை பின்னின மாதிரி ஒரு தோல். முதன்முதலில் பார்சலில் வந்தபோது எங்கள் அம்மா இரண்டை உரித்தேவிட்டாள். "என்னடி வெங்காயம் இது, கண்ணே எரியல" என்று. அக்கா ஓடிவந்து பிடுங்கினாள். எங்கள் அக்கா ஒரு பொருளை இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த லாரிக்காரன் வளைவை விட்டு நகரவே மாட்டானா? டிரைவர் அண்ணா, ஏதாவது தெரியுதா? தெரியவில்லையாம். சரி.

நான் எம்.ஏ. அரசியல் அறிவியல், கடைசி வருஷம். பேர் கெத்சியா. கோயம்புத்தூரில் ஹாஸ்டல். எங்கள் பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டிக் குழுவுக்கு நான்தான் தலைவி. பெருமைக்குச் சொல்லவில்லை, நான் விஷயம் தெரியாமல் வாயைத் திறக்கிறவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அக்கா எனக்கு நேர் எதிர். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை. அவள் ஒரு நாளில் பேசுவதை நான் பல் தேய்க்கும்போதே பேசி முடித்துவிடுவேன் என்று அம்மா சொல்வாள். அவளுக்காகப் பேச ஆள் வேண்டாமா? அதான் ஆண்டவர் என்னைப் படைத்தார்.

எங்கள் தோட்டம் ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் நாலு பாத்தி. டேலியா, லில்லி, கிளாடியோலஸ், வேலியோரம் ஹைட்ராஞ்சியா. ஆனால் ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பூ அங்கேயிருந்துதான் போகும். பிறந்தநாளா, அறுப்பின் பண்டிகையா, ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிறாரா, "எமிகிட்ட கேளு, இல்லேன்னு சொல்ல மாட்டா." எங்கள் பக்கம் இது பழமொழியே ஆகிவிட்டது. அக்காவிடம் கேட்கக்கூட வேண்டாம், அம்மாவே வாசலில் நின்று "பின்னாடி போய் வெட்டிக்கங்க, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்பாள். சாயந்திரம் அக்கா ஆபீஸிலிருந்து வந்தால் டேலியா இருந்த இடத்தில் காம்பு நிற்கும். ஒரு தடவை பாருங்கள், தட்டு அகலத்துக்கு ஒரு டேலியா வந்தது. மழையில் கொட்டிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு குடையைக் கட்டி வைத்திருந்தாள். அது முழுசாக விரிந்த அன்றைக்கென்று எங்கள் சர்ச் கிரேஸ்லின் டீச்சரின் ஒன்றுவிட்ட தம்பி செத்துப்போனார். அந்த மனுஷனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. மலர்வளையத்துக்கு நடுவில் வைக்கப் பெரிய பூ வேண்டும் என்று வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அந்தக் குடையை அவிழ்த்து, உதறி, மடக்கி உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். அப்படி ஒரு தங்கம் அவள்.

அப்படிப்பட்டவளின் பூவுக்குத்தான் சர்ச்சில் இடமில்லை என்றார்கள். இதுதான் விஷயம்.

ஏன் இடமில்லை? லெந்து. உங்களுக்கு லெந்து தெரியாதில்லையா? சாம்பல் புதன் என்று ஒரு நாள் வரும், அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தபசு நாள். உங்களுக்கு ஆடி மாதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கல்யாணம் வைக்க மாட்டோம், புது வீடு போக மாட்டோம், சிலர் கறியை விடுவார்கள், சிலர் சினிமாவை விடுவார்கள். சர்ச்சில் ஊதாத் துணி போட்டுவிடுவார்கள். முக்கியமாக, ஆல்டரில், உங்கள் கோயில் சன்னிதி மாதிரி எங்களுக்கு முன்னால் இருக்கிற பீடம், அதில் பூ கிடையாது. ஈஸ்டர் காலையில்தான் மறுபடி பூ. அந்த நாற்பது நாளும் எங்கள் தோட்டத்துப் பக்கம் கத்திரிக்கோலோடு ஒருத்தரும் வர மாட்டார்கள். ஃப்ரீசியா எப்போது பூக்கிறது? சரியாக அப்போது! சாம்பல் புதனுக்கு மொட்டு விடும், ஈஸ்டருக்குள் முடிந்துபோகும். இதைவிடக் கொடுமை உண்டா?

முதல் வருஷம் அப்படி இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டிலேயே நட்டாள், ஜனவரியில் பூத்தது. ஆனால் ஆல்டர் வரைக்கும் போகவில்லை. கொயர் மாஸ்டர் மகன் கல்யாணத்துக்கு வெட்டிக்கொண்டு போய், காரில் ஒட்டிவிட்டார்கள். பானட்டில். செல்லோடேப் போட்டு. அந்தப் பூவின் வாசனை தெரியுமா உங்களுக்கு? எலுமிச்சைத் தோலைக் கிள்ளிவிட்டுத் தேனில் கை வைத்த மாதிரி இருக்கும். அதைக் கொண்டுபோய் டீசல் புகையில்! அந்தக் கார் போனதற்கப்புறம் அக்கா நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள். "லேட்டா நட்டா லேட்டா பூக்குமா? எவ்வளவு லேட்டா நடலாம்?" என்று கேட்டாள். சமையல்கட்டுச் சுவரில் சர்ச் காலண்டர் தொங்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டே அதன்முன் நின்று மார்ச் மாதத்து ஊதாக் கட்டங்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாவம், எதையோ தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த வருஷத்திலிருந்து நவம்பரில்தான் நட்டாள். நான் எவ்வளவோ சொன்னேன். "அக்கா, சீக்கிரம் நடு, ஜனவரியிலயே வந்துரும், லெந்துல மாட்டாது" என்று இன்டர்நெட்டில் படித்துப் படித்து எடுத்துச் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்பாள். பிறகு பார்த்தால் நவம்பர். மேலே படித்தவள் நான் சொல்கிறேன், கேட்டால்தானே.

ஆனால் வளர்த்தது எப்படி! நவம்பர் மழையில் கிழங்கு அழுகிவிடும் என்று பாத்திக்கு அடியில் மணல் கொட்டினாள். ஒவ்வொன்றையும் கூர் முனை மேலே வருகிற மாதிரி உட்கார வைத்தாள். பனி கொட்டும் நாட்களில் சாயந்திரமே அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திவிடுவாள். எங்கள் அப்பா காலமாகி ஆறு வருஷமாகிறது, அவர் வேட்டிக்கு வந்த யோகம். இந்தச் செடிக்குத் தண்டு ரொம்ப மெலிசு, பூ வந்தால் தலை தாங்காமல் சாய்ந்துவிடும். அதற்காக நான் பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடின வலையை நாலு குச்சி நட்டுப் படுக்கைவாக்கில் கட்டினாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளிருந்தும் ஒரு தண்டு ஏறி நின்றது. தண்டு நுனியில் மடங்கும். மடங்கின இடத்திலிருந்து பூவெல்லாம் ஒரே பக்கமாக வரிசையாக உட்காரும், நம் பஸ் ஜன்னலோரம் மாதிரி. முதல் பூ விரியும்போது கடைசி மொட்டு அரிசி மாதிரி இருக்கும். மஞ்சள், வெள்ளை, ஊதா. ஊதாகூட இருக்கிறது ஆன்ட்டி, லெந்துத் துணிக்கு மேட்சாக!

லெந்து வந்தால் அக்கா என்ன செய்வாள் தெரியுமா? ஆபீஸிலிருந்து வந்ததும் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பாத்தியோரம் உட்கார்ந்துவிடுவாள். இருட்டும்வரைக்கும். யாரோடும் பேச்சில்லை. வைக்க இடமில்லாத பூவுக்குக் காவல் மாதிரி. அதைப் பார்த்துத்தான் என் வயிறு எரிந்தது.

ஸ்டடி லீவுக்கு வந்திருந்தேன். அவள் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, இவ்வளவு பூவையும் என்ன செய்யப்போறே?" என்றேன்.

"லெந்துல்ல" என்றாள்.

"அதுக்கு? ஒண்ணுகூட ஆல்டருக்குப் போகாதா?"

"லெந்துடி கெத்சி" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதிலேயே எல்லாம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். நான் இருப்பேனா?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். பெயின்ட் அடிப்பதைப் பற்றி, மைக் இரைவதைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு "வேறு ஏதாவது உண்டா?" என்று ஆயர் கேட்டார். அவர் குடையைக் கையில் எடுத்துவிட்டார், வேறு எதுவும் இருக்காது என்கிற நம்பிக்கை. நான் எழுந்தேன். கடைசி பெஞ்சில் அக்கா "உக்காருடி" என்று சைகை காட்டினாள். அவள் சங்கோஜம் எனக்குத் தெரியாதா.

ஆல்டர் பூவுக்குப் பொறுப்பு கிரேஸ்லின் டீச்சர். ரிட்டயர்டு பி.டி. டீச்சர். விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை.

"லெந்துல பூ வைக்கறது வழக்கமில்ல கெத்சி" என்றார்.

"எங்க எழுதியிருக்கு டீச்சர்?"

"எழுதல. அதான் வழக்கம்."

"லெந்து வந்திருச்சுன்னு அந்தச் செடிக்கு யாரு டீச்சர் சொன்னது? பூக்க வைக்கிறவரே பூக்க வைக்கிறாரு, நாம யாரு தடுக்க?"

"தபசுன்னா ஒண்ண விடணும்மா. பிடிச்சத விடணும்."

"நீங்க என்ன டீச்சர் விட்டிருக்கீங்க?"

"காபிக்குச் சக்கர விட்டிருக்கேன்."

"விட்டுட்டு நாட்டுச்சக்கர போட்டுக் குடிக்கிறீங்களே. நேத்து எங்க வீட்ல ரெண்டு டம்ளர் குடிச்சீங்க."

அவ்வளவுதான், வாலிபர் பெஞ்ச் பூராவும் சிரிப்பு. டீச்சர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். என் அக்கா வருஷம் முழுவதும் இந்தச் சபைக்குப் பூ கொடுக்கிறாள், அவளுக்கு மிகவும் பிடித்த பூவுக்கு மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம் என்று கேட்டேன். மைக் இரைவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டது. ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லெந்துல நாலாவது ஞாயிறு மட்டும் பூ வைக்கலாம்னு ஒரு பழைய முறை உண்டு. நான் செமினரியில ஊழியத்துக்குப் படிக்கிறப்ப பாத்திருக்கேன்" என்றார். "அப்ப வைக்கலாமே ஐயா" என்று வாலிபர் பெஞ்ச் கத்தியது. முடிவாகிவிட்டது. இந்த வருஷம் மட்டுமில்லை, இனி வருஷா வருஷம் நாலாவது ஞாயிறு எமீமா வீட்டுப் பூ. கை தட்டினார்கள் ஆன்ட்டி! எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக்கூடக் கை தட்ட மாட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள். மனசு நிறைந்திருக்கும், அழுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை திரும்பும்போது அந்த இடத்தில் இல்லை. மழை வரப்போகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று போய்விட்டாளாம். மழை வரவேயில்லை.

சனிக்கிழமை பெண்கள் சங்கம் மொத்தமும் வாளியும் கத்திரிக்கோலுமாக வந்து இறங்கினார்கள். கிரேஸ்லின் டீச்சர் பெரிய மனசோடு என் முதுகில் தட்டி, "ஜெயிச்சிட்டேடி வாயாடி" என்றார். நான் வாளி பிடித்தேன். அக்கா ஓரமாக நின்று, "இலைய விட்டுட்டு வெட்டுங்க, இல்லாட்டி கிழங்கு தேறாது" என்று சொன்னாள். அவள் குரல்தான் தெரியுமே, பக்கத்தில் இருக்கிற எனக்கே பாதிதான் கேட்டது. அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே அடியோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"கெத்சி, அந்த வரிசை மட்டும் இருக்கட்டும்னு சொல்லேன்."

"ஏன்க்கா? ஆண்டவருக்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவியா?" என்றேன். எல்லாருக்கும் சிரிப்பு. அவளும் லேசாகச் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அப்புறம் எல்லாருக்கும் டீ போடப் போய்விட்டாள். டீ நன்றாகத்தான் இருந்தது. அவள் போட்டு டீ நன்றாக இல்லாமல் போனதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை. ஆல்டர் முழுக்க ஃப்ரீசியா. ஆயர் பிரசங்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தும்மினார், அது வேறு விஷயம். "ஆண்டவருடைய... அச்சு... கிருபை" என்று. பின்னால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அக்காவைச் சுற்றிக் கூட்டம். "எமி, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் என் பேத்திக்கு ஞானஸ்நானம், இந்தப் பூதான் வேணும்." "எமி, இது எப்படி வளக்கறது, நாலு கிழங்கு எனக்கு." "அடுத்த வருஷம் கூட ரெண்டு பாத்தி போட்டுடு எமி" என்று கிரேஸ்லின் டீச்சர். அக்கா எல்லாருக்கும் "சரி" என்றாள். "சரிங்க டீச்சர். சரிங்க்கா." எவ்வளவு மரியாதை பாருங்கள், எவ்வளவு பேர்! ஒரே வாரத்தில் ஊரே அவளைக் கொண்டாடுகிறது. யாரால்?

அந்த யாரால் என்பதை அவள் சொல்லவேயில்லை ஆன்ட்டி. அதுதான் எனக்கு ஆறவில்லை. சாப்பாட்டில் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது சொல்லவில்லை. நானே இரண்டு தடவை, "கூட்டத்துல நல்லாப் பேசினேன்ல?" என்று எடுத்துக்கொடுத்தேன். "ம்" என்றாள். "ம்" ஒரு பதிலா?

இன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா பாத்தியைக் கொத்திக் கிழங்கை எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வலை ஒரு பக்கம் சுருட்டிக் கிடக்கிறது. மிச்சமிருந்த இலையெல்லாம் பச்சைப் பசேல் என்றிருக்கிறது! இந்தச் செடியின் இலை தானாக மஞ்சளாகிக் காய்கிறவரைக்கும் கிழங்கைத் தொடவே கூடாது, இலையிலிருந்துதான் அடுத்த வருஷத்துச் சாப்பாடு கிழங்குக்கு இறங்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான்.

"என்னக்கா செய்றே? பச்சையா இருக்கப்பவே எடுத்தா செத்துரும்னு நீதானே சொல்வே?"

"ஆமா."

என் பழைய ஷூ டப்பாவில் அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஹாஸ்டலுக்குக் கொண்டுபோ."

"கோயம்புத்தூர் வெயில்ல இது எங்க பூக்கும்?"

"பூக்காது."

"பின்ன எதுக்கு? நாலாவது ஞாயித்துக்கு அடுத்த வருஷம் என்ன வைப்பாங்க?"

"டேலியா இருக்கு. லில்லி இருக்கு. கேட்டா குடுக்கறேன்."

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். எவ்வளவு போராடி வாங்கிக்கொடுத்த இடம் அது! பஸ் போனால் போகட்டும் என்று பையைக் கீழே வைத்துவிட்டு நேருக்கு நேர் கேட்டேன். "கோபமா? என்மேலயா? வெட்டினது அவங்க, நான் வாளிதான் பிடிச்சேன். மூணு வருஷமா இந்தப் பூவுக்கு இடமில்லைன்னு நீ ஏங்கினே, நான் வாங்கிக் குடுத்தேன். ஊரே கை தட்டிச்சு. ஒரு தேங்ஸ் வேணாம், சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உனக்கு என்னதான் வேணும்க்கா? இன்னைக்காவது வாயத் திறந்து சொல்லு."

இதோ லாரி நகர்கிறது போலிருக்கிறது. நீங்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டுமா? இருங்கள், இருங்கள், பதிலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பதில் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி. எங்கள் போட்டியில் இப்படிச் செய்தால் நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே வருகிறேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை, காபி வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"ஏன்டி கெத்சி, லெந்துல பூக்கும்னு தெரியாமலா நான் இதை வெச்சேன்?"